மூன்றாம் மாடி மந்திரிசபை

பச்சைக் கோப்பிக்கொட்டையை வறுக்கும்போது முதலில் வருவது கோப்பி மணமே அல்ல. ஈர வைக்கோலைத் தீயில் காட்டியது போன்ற ஒரு வாசம் எழுந்து, மெல்லக் கறுத்து, கசந்து, அதன் பிறகுதான் அது கோப்பி மணமாகும். லண்டன் லூயிஷாமில், நகரசபை வாடகைக்குக் கொடுத்து நாங்கள் இருந்த கவுன்சில் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், ஞாயிறு பின்னேரங்களில் அந்த வாசம் பக்கத்து வீட்டுக் கதவிடுக்கால் வெளியேறி எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டால், லெம்லெம் அன்ரிக்கு அன்று டிப்போவில் வேலை இல்லை என்று அர்த்தம். அவர் எரித்திரியாக்காரி. முப்பது வருடம் சண்டை பிடித்துத் தனிநாடாகிய ஊர் அது. அந்தச் சண்டையில் லொறி ஓட்டியவர் லண்டனில் பஸ் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு நாட்டைச் செய்து முடித்த ஆள் எப்படி இருப்பார் என்று பார்ப்பதற்காகவே பத்து வயதில் நான் அவருடைய கதவை அடிக்கடி தட்டியிருக்கிறேன். சோளப்பொரியும் கிடைத்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அது இரண்டாயிரங்களின் தொடக்கம். எங்கள் ஊரில், இலங்கையில், சண்டை நின்று, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த ‘சமாதான காலம்’. தமிழருக்கென்று நாடு ஒன்று வரப்போகிறது என்று அப்பாவும் சிநேகிதர்களும் முழுதாக நம்பினார்கள். ஆகவே ஷிப்ட் இல்லாத பின்னேரங்களில் எங்கள் முன்னறையில் கூடி, அந்த நாட்டுக்கான பொறுப்புகளைப் பங்கிட்டார்கள். பெற்றோல் ஸ்டேசனில் நின்ற தவம் மாமாவுக்குத் தபாலும் தந்தியும். டென்மார்க்கில் பத்து வருடம் குழாய் பொருத்திவிட்டு லண்டனுக்கு வந்திருந்த ஒருவரை நாங்கள் ‘டென்மார்க் மாமா’ என்றே கூப்பிடுவோம். அவருக்குத் தண்ணீர் வழங்கல். பேக்கரியில் பாண் போட்ட அப்பாவுக்குக் கல்வி. அம்மா இந்தக் கூட்டத்துக்கு ‘மந்திரிசபை’ என்று பெயர் வைத்து, தேத்தண்ணி கொண்டுபோகும்போதெல்லாம் “மந்திரிமார் எழும்பி இடம் விடுங்கோ” என்பார். எனக்கோ இது பொம்மை விளையாட்டைவிடப் பெரிய விளையாட்டாக இருந்தது. அந்த நாட்டில் ரயில் எந்த நிறம், பரீட்சை உண்டா, பனி பெய்யுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்; பனியைத் தவிர எல்லாவற்றுக்கும் அவர்களிடம் பதில் இருந்தது.

விளையாட்டு விளையாட்டாக இருக்கவில்லை. ஒருநாள் அப்பா கவுன்சிலில் இருந்து ஒரு ‘போம்’ கொண்டுவந்தார், வீட்டைத் திரும்பக் கையளிப்பதற்கான படிவம். டென்மார்க் மாமா குடும்பத்தோடு போவதற்கு டிக்கெட் எடுத்துவிட்டார். நாங்களும் கோடை விடுமுறையோடு போய்விடுவது என்பது அப்பாவின் தீர்மானம். வீடு இருவர் பெயரிலும் இருந்ததால் அம்மாவும் கையெழுத்து வைக்கவேண்டும். கவுன்சில் வீட்டைத் திரும்பக் கொடுத்தவனுக்கு அது இரண்டாம் முறை கிடைக்காது என்பது எங்கள் குடியிருப்பில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அப்பா தன் பெயருக்கு நேரே கையெழுத்திட்டு, அந்தப் படிவத்தை ரிவிப் பெட்டிக்கு மேலே வைத்தார்.

அடுத்த கூட்டத்துக்கு அப்பா லெம்லெம் அன்ரியை அழைத்திருந்தார், ‘நாடு கண்ட மனுசி’ அல்லவா. அன்ரி தன் கோப்பி காய்ச்சும் மண்கூசாவும் பிடியில்லாத குட்டிக் கோப்பைகளுமாக வந்து, எங்கள் அடுப்பிலேயே கொட்டை வறுத்து, புகையை ஒவ்வொருவர் மூக்கின் முன்னும் காட்டினார். மூன்று சுற்றுக் கோப்பி குடித்து முடியும்வரை யாரும் எழும்பக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். முதல் சுற்றில் மந்திரிமார் கேட்டதெல்லாம் வென்ற கதை. அன்ரியும் கைகளால் லொறி ஓட்டிக் காட்டிச் சொன்னார். இரண்டாம் சுற்றில் அம்மா, சமையலறை வாசலில் நின்றபடி, யாரும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்.

“நான் ஊரிலை புவியியல் படிப்பிச்சனான். நில அளவை, வரைபடம் இதுகளை எனக்குத் தாங்கோவன்.”

அறையில் சிரிப்பெழுந்தது, கெட்ட சிரிப்பு அல்ல. நில அளவை நோர்வேயில் இருக்கும் ஒருவருக்கென்று பேசியாகிவிட்டது என்றார் தவம் மாமா. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, “முதல்லை நாடு வரட்டும். உம்மடை விசயத்தைப் பிறகு பாப்பம்” என்றார். என்ன சொல்கிறார்கள் என்று அன்ரி என்னிடம் கேட்க, நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அன்ரி கோப்பையைக் கீழே வைத்தார். “எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்” என்றார். மூன்றாம் சுற்றில் அவர் சொன்னது வென்றதற்குப் பிந்திய கதை. களத்தில் அவரோடு ஒன்றாக உண்டு உறங்கிய கணவருக்கு, தலைநகரில் தாய்க்காரி வேறு பெண் பார்த்தாளாம், நீளத் தலைமுடியும் அடக்கமான நடையும் உள்ள பெண்ணாக. லொறிச் சாவியை ஓர் ஆணிடம் கொடுக்கச் சொன்னார்களாம். தளபதிகள் அமைச்சர்களானார்கள். சண்டையில் ஏன் என்று கேட்க நேரமில்லை. பிறகு நேரம் நிறைய இருந்தது, கேட்கும் பழக்கம்தான் இல்லாமல் போயிருந்தது. தேர்தலைத் தள்ளிவைத்தார்கள். அவருடைய தம்பி மகனைப் பள்ளிக்கூடம் முடித்த கையோடு இராணுவச் சேவைக்குக் கொண்டுபோனவர்கள் இன்னும் விடவில்லை. “நாடு வந்ததில் எனக்கு இன்றும் சந்தோசம்தான்,” என்றார், கோபமாக. “ஆனால் அந்தச் சண்டை முடிந்து வீட்டுக்குப் போகவில்லை. அரசாங்கக் கந்தோருக்குள் வந்து கதிரையில் இருந்துவிட்டது.”

மந்திரிமார் ‘எங்கடை ஆக்கள் அப்பிடியில்லை’ என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்கள். அம்மா கோப்பைகளைக் கழுவிவிட்டு வந்து, ரிவிக்கு மேலே இருந்த படிவத்தை எடுத்து வாசித்து, திரும்ப அங்கேயே வைத்தார். “நான் வைக்கேல்லை. நீங்கள் சொன்ன அந்தப் ‘பிறகு’ எப்ப எண்டு தெரிஞ்சால் வைக்கிறன்” என்றார். அப்பா ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்குள் அப்படியொரு அமைதியை அதற்கு முன் நான் கண்டதில்லை, பயந்துபோனேன்.

நாங்கள் போகவில்லை. டென்மார்க் மாமா போனார். வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குழாய் போட்டு, பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் படத்தை அனுப்பியிருந்தார். சில வருடங்களில் சண்டை திரும்பியது. அதன் கடைசி மாதங்களில் அவர் குடும்பத்திடமிருந்து வந்துகொண்டிருந்த தொலைபேசி அழைப்பு நின்றுபோனது. அவர், மனைவி, என் வயது மகள், மூவரைப் பற்றியும் இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. தான் செய்தது சரி என்று அம்மா ஒருபோதும் சொல்லிக்காட்டியதில்லை. அந்த மகளின் பெயரைக் கேட்டால் எழும்பி வேறு அறைக்குப் போய்விடுவார்.

இப்போது அந்தக் குடியிருப்பு இல்லை. இடித்துவிட்டு, நாங்கள் வாடகைக்குக்கூட நினைக்கமுடியாத கண்ணாடி மாடிகளைக் கட்டியிருக்கிறார்கள். லெம்லெம் அன்ரி வடக்கே எங்கோ போய்விட்டார். அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. லண்டனிலேயே செவன் கிங்ஸில் என்னோடு இருக்கும் அப்பாவிடம் போன மாதம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நீண்டநாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன்: நாடு வந்திருந்தால், அம்மாவுக்கு நில அளவையைக் கொடுத்திருப்பீர்களா?

அப்பா தட்டில் மிஞ்சிய சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

“குடுத்திருக்க மாட்டம், பிள்ளை” என்றார். “அது கொம்மாவுக்கு அண்டைக்கே தெரியும்.”