கழட்டும் என்று சொன்னது யார்

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். கலியாணம் கட்டி ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை. இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் இருக்கும். கணவர் கொழும்பில் தாலியைக் கட்டிவிட்டு ஒரு கிழமையில் திரும்பிப் போனவர். விசா கிடைத்து நான் வந்து சேர ஒரு வருடம் ஆனது. ஆஸ்பத்திரியிலும் அரச அலுவலகங்களிலும் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பதுதான் அவருடைய வேலை. எனக்கு நோர்வேஜிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. யார் பேசினாலும் அவர் வாய் வழியாகத்தான் எனக்கு வரும்.

குழப்பமும் அங்கேதான். நாங்கள் குடியிருந்த ரொம்மன் பகுதியில் கீழ்வீட்டுப் பெண் ஒருநாள் கதவைத் தட்டிச் சிரித்துச் சிரித்து ஏதோ சொன்னாள். இவர் என் பக்கம் திரும்பி, "சமைக்கேக்கை யன்னலைத் திறந்து வையும். மணம் தாங்கேலாமல் கிடக்கு" என்றார். அவள் சொன்னதா, இவருடைய சொந்தக் குறையா? கேட்கக் கூச்சமாக இருந்தது. இரண்டு நாள் மிளகாய்த்தூளே போடாமல் கறி வைத்தேன். மனிதர் அதையும் சாப்பிட்டார்.

அந்தச் சனிக்கிழமை நகரத்துக்கு வெளியே இருந்த கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனார். முதலில் சங்கிலியில் தொங்கிச் சுற்றும் கதிரையில் ஏறினோம். அது பிடித்திருந்தது. பிறகு ரோலர் கோஸ்டர். ரயிலில் பக்கத்துச் சீட்டுக்காரரோடு வாய் திறக்காத சனம் இங்கே ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்று, மேலே போய்த் தொண்டை கிழியக் கத்தியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எங்கள் முறை வந்தது. வாசலில் வேலைக்கு நின்ற பெண் என் கழுத்தைப் பார்த்து இவரிடம் ஏதோ சொன்னாள்.

"கழுத்திலை கிடக்கிறதைக் கழட்டி இந்தத் தட்டிலை போடும்" என்றார் இவர்.

தட்டில் யாரோ ஒருவரின் மூக்குக்கண்ணாடியும் வீட்டுத் திறப்புக் கோர்வையும் கிடந்தன. கட்டினவரே கழட்டச் சொல்கிறார், அதுவும் செருப்பைக் கழட்டு என்கிற மாதிரி. சொல் கேட்டால் தாலி தட்டில், கேட்காவிட்டால் புருசன் சொல் தட்டியவள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. தாலிக்கொடியை இறுகப் பிடித்துக்கொண்டு, வரிசையை விலக்கி வெளியே வந்து ஒரு மர வாங்கில் இருந்தேன். இந்த மனிதரோடு எப்படிக் காலம் தள்ளப் போகிறேன்?

பின்னாலேயே வந்தார். "ஏன் வந்திட்டீர்?"

"கட்டின கையாலை நீங்களே கழட்டுங்கோவன்."

திருதிருவென்று முழித்தார். "நான் எங்கை கழட்டச் சொன்னனான்? அந்தப் பிள்ளை சொன்னதை எல்லோ சொன்னனான்."

"அவள் சொல்லுறாள் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன?"

"வேலையிலை அப்பிடிச் சொல்லக்கூடாது. டொக்டர் தனக்குக் கவலையாக் கிடக்கு எண்டால் நானும் 'எனக்குக் கவலையாக் கிடக்கு' எண்டுதான் சொல்லவேணும். பழகிப்போச்சு."

"அப்ப அந்த யன்னல்?"

"அது கீழ்வீட்டு மனிசி." என் பக்கம் திரும்பினார். "கறியிலை தூள் இல்லாமல் போனது அதாலையோ?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "சரி, இப்ப நீங்கள் என்ன சொல்லுறியள்?"

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வாயை இரவல் கொடுக்கிற மனிதர், வாயைத் திறந்தார், மூடினார். தலைக்கு மேலே ரோலர் கோஸ்டர் பெட்டிகள் இரைந்துகொண்டு போயின.

"கழட்டவேண்டாம்" என்றார். "எனக்கும் உதிலை ஏறப் பயம். ஒருநாளும் ஏறினதில்லை. உமக்கு ஆசையாயிருக்கும் எண்டுதான் வந்தனான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏன் அழுறீர்?" என்று கேட்டது அவர் குரல். யாருடைய கேள்வி என்று பழக்கதோஷத்தில் சுற்றிவரப் பார்த்தேன். பக்கத்தில் வேறு ஒருவரும் இல்லை. அவரேதான் கேட்டிருந்தார்.