அவர் நெல்லில் ஏறவில்லை

தயாளினி அக்கா இறந்த செய்தி எனக்கு இரண்டு தடவை வந்தது. முதல் தடவை ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில். அவருடைய செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். தாதி ஒருவர் வெளியே வந்து, "நீங்க தங்கச்சியா?" என்று கேட்டார். ஓம் என்றேன். உண்மையில் நான் தங்கை இல்லை. ஒரே தையற்கடையில் அவருக்குப் பக்கத்து மெசினில் இருந்தவள். "பெரியாக்கள் ஆரும் வந்திரிக்காங்களா?" என்று அவர் அடுத்ததாகக் கேட்டபோதே எனக்கு விளங்கிவிட்டது.

இரண்டாவது தடவை செத்த வீட்டுப் பந்தலில். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு போனபோது, என்னை யாரென்று தெரியாத ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "நடுறோட்டில சைக்கிள் ஓடினவவாம் கா. டிப்பர்காரன் என்ன செய்யிற?" நான் தட்டை நீட்டினேன். அவர் ஒரு கோப்பையை எடுத்து, சீனி காணாது என்றார்.

அந்த இரண்டாவது செய்திக்கு மறுமொழியாகவே இதை எழுதுகிறேன். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி கேட்டவர் அக்காவின் அம்மா. "நீதானே புள்ள அவளோட ஓடித் திரிஞ்சாய். என்ர புள்ள நடுறோட்டில ஓடினவளா? அத எழுது" என்றார். மலரை அச்சிடுவிப்பது எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம். அதன் தலைவர் என் சொந்த மாமா, என் அம்மாவின் அண்ணன். "நாலு வரி காணும். நல்ல மாதிரி எழுது" என்று அவர் சொன்னார். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். நாலு பேர் கூடினால் வாய் திறக்காதவள். ஆனாலும் நாலு வரி காணாது.

அக்காவைத் தெரியாதவர்களுக்கு: அவர் பழுகாமத்தில் வயற்காரர் வீட்டில் பிறந்தவர். தகப்பன் போன பிறகு தையலால் வீட்டைப் பார்த்தார். பள்ளிக்கூடச் சீருடைதான் எங்களுக்குப் பெரும்பாலும் வேலை. கல்யாணம் கேட்டு வருபவர்களிடம், "வெள்ளைச் சட்டைக்குக் கொலர் தைச்சு முடியட்டும்" என்பார். அந்தக் கொலர் ஒருநாளும் முடியவில்லை.

போன சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டில் ஆண்களுக்குக் கல்லடிப் பாலம்வரை போய்த் திரும்பும் சைக்கிள் ஓட்டம் வைத்தார்கள். பெண்களுக்கு வழக்கம்போல மெதுவான சைக்கிள் ஓட்டம். காலை நிலத்தில் ஊன்றாமல் கடைசியாக வருபவருக்குப் பரிசு. அக்கா வென்றார். மாமா மைக்கில் பெயர் கூப்பிட்டுப் பிளாஸ்ரிக் வாளி ஒன்றைக் கொடுத்தார். அக்கா அதை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்று கேட்டார்:

"அண்ணன், ஆம்பிளையள் கெதியா ஓடினா பரிசு. நாங்க ஓடாம நிண்டா பரிசு. அடுத்த வரியம் எங்களையும் றோட்டில விடுங்களன்."

"கல்லடிக்குப் போய் வர உனக்குச் சீவன் காணுமா தங்கச்சி?" என்று மாமா மைக்கிலேயே சொன்னார். "வாளியக் கொண்டு போய்த் தண்ணி அள்ளு."

மைதானம் முழுவதும் சிரித்தது. அக்காவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று அடுத்த கிழமைதான் எனக்குத் தெரிந்தது. மெசினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "கல்லடிக்கு அவங்க போகட்டும். நாம பனிச்சங்கேணிப் பாலத்துக்குப் போவம்."

பனிச்சங்கேணி கல்லடியைத் தாண்டி, ஏறாவூரைத் தாண்டி, வாகரைக்குப் போகும் வழியில் இருக்கிறது. பஸ்ஸில் போனாலே களைத்துப் போவோம்.

"ஏன் அங்க?" என்றேன்.

"அது அவங்கட பாலத்த விடத் தூரம்."

எங்கள் இருவருக்கும் தூரம் ஓடிப் பழக்கமில்லை. என்னிடம் கூடை வைத்த பழைய லேடீஸ் சைக்கிள். அக்காவிடமும் அதே மாதிரி ஒன்று, மணி மட்டும் வேலை செய்யாது. முதல் ஞாயிறு பழஞ்சோறு வயிறு நிறையத் தின்றுவிட்டுப் புறப்பட்டோம். பட்டிருப்புப் பாலத்தில் அக்கா அத்தனையையும் வாவிக்குள் கொட்டினார். வாயைத் துடைத்துக்கொண்டு, "மீனுக்குக் காலைச் சாப்பாடு" என்றார். அதன்பிறகு வாழைப்பழமும் எள்ளுருண்டையும்தான். இருக்கை குத்தியது. சட்டைத் தோளுக்கு வைக்கும் பஞ்சுத் துண்டுகளை இரண்டு காற்சட்டைகளின் பின்பக்கத்தில் வைத்துத் தைத்தோம். போட்டு நடந்து பார்த்துவிட்டு, "ஆருக்கும் சொல்லிப் போடாத. ஓடர் குவிஞ்சிரும்" என்றார். இருக்கையை உயர்த்தினால் முழங்கால் நோகாது என்பதைக் கைபேசியில் பார்த்து நான் சொன்னேன். பயந்து பயந்து ஒரு விரற்கிடை உயர்த்தினார். ஒரு மாதம் கழித்து, "இவ்வளவு நாளும் குந்தி இருந்தல்லோ ஓடியிரிக்கன்" என்று என்னையே ஏசினார்.

எங்கள் ஊரில் மலை இல்லை. வைகாசியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான்தான் எங்கள் மலை. களுவாஞ்சிகுடியில் இருந்து திரும்பும்போது பாலத்தில் அது நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். அக்கா இறங்கி உருட்ட மாட்டார். "மெதுவான ஓட்டத்தில நான்தானே முதல்" என்று சொல்லிக்கொண்டு, நடப்பவரும் முந்திப்போகும் வேகத்தில் மிதிப்பார். காலை மட்டும் ஊன்ற மாட்டார்.

ஒருநாள் காத்தான்குடிக்கு அருகில் அவருக்குத் தலை சுற்றிற்று. காலையில் இருந்து தண்ணீரே குடிக்கவில்லை. குடித்தால் எங்கே ஒதுங்குவது? ஆண்கள் எந்த வேலியிலும் ஒதுங்குகிறார்கள். கடை வாசலில் எங்களைப் பார்த்த முஸ்லிம் பெண் ஒருவர் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் தந்தார். பின்கதவையும் காட்டினார். "இனி இதால போறண்டா இஞ்ச வாங்க புள்ள, வெக்கப்படாதீங்க" என்றார். வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "பாத்தியா, எங்களுக்குக் காலில பலம் இல்லாமலில்ல. கக்கூசு இல்ல."

மழைக்காலத்தில் றோட்டு நீரில் மூழ்கியபோது கடைக்குள்ளே சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மிதித்தோம். தை பிறந்ததும் கல்லடிப் பாலத்தைத் தொட்டுத் திரும்பினோம். மறு ஞாயிறு ஏறாவூர். மாமாவிடம் சொல்லவா என்று கேட்டேன். "சொல்லாத. பனிச்சங்கேணியில நிண்டு போட்டோ எடுத்து அனுப்புவம். அந்த வாளியோட" என்றார்.

மாசியில் முன்மாரி அறுவடை தொடங்கியது. றோட்டோரமெல்லாம் நெல். கல்லும் கிளையும் சுற்றிவரப் போட்டு, பாதி றோட்டுக்குப் பரப்பி வைத்திருப்பார்கள். முதல் நாள் நான் அதற்கு மேலால் ஓடினேன். பின்னால் இருந்து அக்கா கத்தினார்: "இறங்குகா. சோத்தில ஏறுறியா?" எவ்வளவு களைத்திருந்தாலும் நெல் வரும் இடத்தில் அவர் நடுப்பக்கம் விலகிப் போவார். அவர் அப்பா நெல்லைத் தாண்டிக்கூடக் கால் வைக்க விடமாட்டாராம்.

அந்த ஞாயிறு மறுபடியும் ஏறாவூர் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். அடுத்த ஞாயிறு பனிச்சங்கேணி என்று முடிவாகியிருந்தது. வெயில் ஏறிவிட்டது. ஊருக்குள் நுழைந்து மாமாவின் வயல் வட்டைக்கு நேரே வந்தோம். வயல் ஓரம் முழுவதும், பாதி றோட்டு வரைக்கும், அவருடைய நெல் காய்ந்துகொண்டிருந்தது. பின்னால் மண் ஏற்றிய டிப்பர் ஹோர்ன் அடித்தபடி வந்தது. வேகத்தைக் குறைக்கவே இல்லை. நான் நெல்லில் ஏறினேன். அக்கா ஏறவில்லை.

நான் நெல்லில் ஏறியதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவரை ஆட்டோவில் ஏற்றினோம். ஆட்டோ திரும்பும்போது கண்ணாடியால் பார்த்தேன். மாமாவும் கூலியாட்களும் நெல்லைக் கூட்டிச் சாக்கில் அள்ளத் தொடங்கியிருந்தார்கள். அவ்வளவு கெதியாக அவர்கள் வேலை செய்து நான் பார்த்ததில்லை. பொலிசார் வந்து அளந்தபோது ஓரம் துப்புரவாக இருந்தது. துப்புரவான ஓரத்தை விட்டுவிட்டு ஒரு பெண் நடுவால் ஓடினார் என்று டிப்பர்காரர் சொன்னார். மறுநாள் நான் பொலிசுக்குப் போய் ஓரத்தில் நெல் கிடந்ததைச் சொன்னேன். அந்நியருக்கு முன்னால் என் வாழ்க்கையில் முதல் தடவையாக உரத்துப் பேசினேன். "எங்க நெல்லு?" என்று கேட்டார்கள். அங்கே வந்திருந்த மாமா என் தோளில் கை வைத்து, "சின்னப் புள்ள சேர், பயந்திட்டா" என்றார்.

நான் பயந்தது உண்மை. பொய் சொல்லவில்லை.

நெல் காயப்போட்டதைக் குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. ஊரில் நெல் காயவைக்கத் தளம் இல்லை. ஈர நெல்லை ஏவாரி அடிமாட்டு விலைக்குக் கேட்பான். எங்கள் வீட்டு நெல்லும் றோட்டில்தான் காய்ந்தது. ஆனால் அள்ளியது குற்றம். அள்ளிவிட்டுச் செத்த வீட்டில் முன்வரிசைக் கதிரையில் இருந்தது குற்றம். "நல்ல பிள்ளை, றோட்டுத்தான் தெரியாது" என்று மைக்கில் பேசியது குற்றம். கிட்டத்தட்ட ஒரு வருடம் அந்த றோட்டின் ஒவ்வொரு குழியையும் தெரிந்து ஓடியவருக்கா றோட்டுத் தெரியாது? கூட்டும்போது நின்று பார்த்த அத்தனை பேருக்கும் தெரியும். அவர்களில் பலர் இந்த மலரை வாசிப்பார்கள். ஆகவே அவர்கள் முன்னிலையில் சொல்கிறேன்.

அம்மா, நீங்கள் கேட்டதற்கு இதுதான் மறுமொழி. உங்கள் மகள் நடுவால்தான் ஓடினார். ஓரத்தில் நெல் கிடந்தது. அது மாமாவின் நெல். அதை மிதிக்க உங்கள் மகளுக்கு மனம் வரவில்லை.

இதை நான் மாமாவிடம் கொடுக்கவில்லை. உங்கள் கையில் தருகிறேன். அச்சகத்துக்கு நீங்களே கொண்டுபோங்கள்.

முப்பத்தொன்று சாப்பாட்டுக்கு மாமா ஒரு மூட்டை அரிசி தந்திருப்பதாக அறிந்தேன். எந்த நெல்லைக் குத்திய அரிசி என்று எனக்குத் தெரியும். நீங்கள் என்னைத் தேட வேண்டாம். அன்று நான் பந்திக்கு வரமாட்டேன். விடியற்காலையில் எள்ளுருண்டையோடு புறப்பட்டுவிடுவேன். நேரம் செல்லும், நான் மெதுவாகத்தான் ஓடுவேன். காத்தான்குடியில் அந்தக் கடைக்காரியிடம் தண்ணீர் கேட்பேன். வெட்கப்பட மாட்டேன். கூடையில் அக்காவின் வாளி இருக்கும்.

போய் வாங்க அக்கா. பனிச்சங்கேணிப் பாலத்தில் வாளியை வைத்துப் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்புகிறேன். வழியில் யாருடைய நெல் காய்ந்தாலும் நானும் நடுவாலேயே போவேன்.