சாந்தாமணி ராணியை எடுக்காத நாள்

சாந்தாமணி போய்விட்டாள்.

மத்தியானம் அவள் மகன் போன் பண்ணினான். மூன்று மாதமாகவே உடம்பு சரியில்லையாம்... எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளில் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனி. நாங்கள் இருவரும் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றினோம். ஒரே வயது, பக்கத்துப் பக்கத்து மேசை.

லஞ்ச் டைமில் ஆண்கள் செஸ் ஆடுவார்கள். அந்தக் கும்பலில் போய் உட்கார்ந்த ஒரே பெண் அவள்தான்.

அவள் ஆட்டம் எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கொரு நடுச் சிப்பாய் வெட்டுப்பட்டுப் போகும். மூன்றாவது மூவிலேயே இவள் ராணி போர்டின் நடுவில் வந்து நிற்கும்.

இத்தனை சீக்கிரம் ராணியை எடுக்கக் கூடாது என்று சொல்லாதவர்கள் இல்லை. எதிராளி குதிரையை விட்டு விரட்டுவார். இவள் அலட்டிக்கொள்ளாமல் ராணியைத் தன் ராஜாவுக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பாள். அங்கிருந்தே குடைச்சல் கொடுப்பாள்.

பொங்கல் விழாப் போட்டியில் ஃபைனல் வரை வந்துவிட்டாள். எதிரே எங்கள் சூப்பர்வைசர். எங்களை பர்மனென்ட் பண்ணும் லிஸ்ட் அப்போது அவர் கையில்.

ஆட்டத்துக்கு முன்னால் நான் அவளைத் தனியாகக் கூட்டிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவரத் தோக்கடிச்சுப்போட்டா நம்ம ரண்டு பேரு பொழப்பும் போயிரும் அம்மணி... இன்னிக்கு மட்டும் ராணிய எடுக்காத."

அவள் போய் போர்டு முன்னால் உட்கார்ந்தாள்.

ஆட்டத்தில் ராணி நகரவே இல்லை. ஒவ்வொரு சிப்பாயாகத் தள்ளித் தள்ளி... தோற்றுப்போனாள்.

ஜெயித்தவர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"ஏனுங்க சாந்தாமணி, உங்க ராணிக்குப் பதில் கண்டுபுடிக்கோணும்னு பத்து நாளா மண்டைய ஒடச்சுட்டு வந்தனுங்க. இப்படிப் பண்ணிப்போட்டீங்களே."

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தலைவலி என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த மாதம் இரண்டு பேருமே பர்மனென்ட் ஆனோம். எங்கள் பேரோடு லிஸ்ட் பொங்கலுக்கு முன்னாலேயே டைப் ஆகிவிட்டதாம்... ஆபீஸ் கிளார்க் என்னிடம் சொன்னார்.

அதை நான் அவளிடம் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

அதற்கப்புறம் அவள் எந்தப் போட்டிக்கும் பேர் கொடுக்கவில்லை. லஞ்சுக்கு என்னோடு உட்கார்ந்தாள். என் டப்பாவில் கை விட்டு எடுத்துச் சாப்பிட்டாள். ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

எத்தனை வருஷம் டைம் இருந்தது எனக்கு...

நாளைக் காலையில் தொண்டாமுத்தூரில் எடுக்கிறார்கள். கூட வேலை பார்த்தவர்கள் முடிந்தால் வாருங்கள்.

முதல் பஸ்ஸுக்கே வாரேன், சாந்தாமணி.