போலீசை அழைக்க ஒரு அனுமதி

நான் போலீசிடம் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் எங்கள் பள்ளிக்கூடத்து வாசல் காவலாளி லாக்கப்புக்குப் போனார். சொல்லும்போது என் நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

குவைத்தில், ஃபர்வானியாவில், இந்தியப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் நிர்வாக அலுவலராக இருந்தேன். பாதுகாப்பும் என் பொறுப்பு. அமெரிக்காவில் ஏதோ பள்ளிக்கூடத்தில் சுட்டார்கள் என்று செய்தி வந்தால், "நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்காது" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம். நம்ம ஊர் என்றது குவைத்தை.

என் விதி ஒன்று இருந்தது. எது நடந்தாலும் என்னைக் கேட்காமல் யாரும் போலீசை அழைக்கக் கூடாது. நான் மந்தூப்பைக் கேட்பேன். பள்ளியின் அரபு உரிமையாளரும் எங்களுக்கு விசா தருபவருமான கஃபீலுக்காக அரசு அலுவலகங்களில் வேலை முடித்துத் தருபவர் மந்தூப். முன்பு ஒருமுறை வாசலில் இரண்டு வண்டிகள் லேசாக உரசியதற்கு ஒரு டிரைவர் போலீசைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர்கள் எல்லோருடைய அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்து, விசா சரியில்லாத பஸ் உதவியாளர்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கஃபீல் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். விதி அதற்குப் பிறகு வந்தது. போலீஸ் என்றதும் எங்களைப் போன்றவர்களுக்கு விசாதான் நினைவுக்கு வரும்.

அன்று காலை வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. வாக்கிடாக்கியில் காவலாளி பேசினார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்.

"சார், அந்த கே.ஜி. பாப்பாவோட அப்பா வந்துருக்காரு. புள்ளய இப்பவே அனுப்புங்குறாரு. முடியாதுன்னேன். வண்டியிலேர்ந்து துப்பாக்கி எடுக்குறாரு சார். போலீசுக்கு அடிக்கட்டுமா?"

மனைவியைப் பிரிந்தவர் அவர். குழந்தையை அவரிடம் அனுப்ப வேண்டாம் என்று தாய் சொல்லியிருந்தார்.

"இருப்பா, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

மந்தூப்பை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன்.

"சார், கேட்டப் புடிச்சி ஆட்டுறாரு. அடிக்கட்டுமா சார்?"

"பொறுன்னு சொன்னேன்ல!"

மந்தூப்பின் எண்ணை இன்னொரு முறை அழுத்தியபோது அந்தச் சத்தம் கேட்டது. பஸ் டயர் வெடித்துவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் பிள்ளைகளின் அலறல்.

வாசலைப் பார்த்திருக்கும் கே.ஜி. வகுப்பின் சன்னல் உடைந்திருந்தது. பிள்ளைகளைத் தரையில் படுக்கவைத்துக்கொண்டிருந்த ஆயாவின் தோளில் குண்டு பாய்ந்திருந்தது. அவர் சட்டையின் ரத்தம் பக்கத்துக் குழந்தையின் தலைமுடியில் சொட்டியிருந்தது. அந்தத் தலையைத் தடவிப் பார்த்தேன், குழந்தைக்குக் காயமில்லை.

சத்தம் கேட்டதும் காவலாளி என்னை எதிர்பார்க்காமல் போலீசை அழைத்துவிட்டார். ஸ்டேஷன் அடுத்த சாலையில்தான். உடனே வந்தார்கள். அந்த மனிதர் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அழுதார். அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது. முதலிலேயே அழைத்திருந்தால்?

அதிகாரியும் அதையே கேட்டார். துப்பாக்கியோடு அந்த மனிதர் வாசலில் நின்றது கேமராவில் இருந்தது, சுட்ட பிறகுதான் போன் வந்திருக்கிறது, ஏன்? மந்தூப் என் பக்கத்தில் உட்கார்ந்து அரபியில் மொழிபெயர்த்தார். "காவலாளி எனக்குச் சொல்லவே இல்லை" என்றேன். நான் விடாமல் அழைத்தது மந்தூப்பின் போனிலேயே இருந்தது. அவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு மொழிபெயர்த்தார்.

"சார், நீங்கதான சார் பொறுன்னீங்க?" என்றார் காவலாளி. நான் வேறு பக்கம் பார்த்தேன். அவரைக் கூட்டிப் போனார்கள்.

மறுநாள் ஆயாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். எடுத்த எடுப்பில் கேட்டார்.

"சாரே, எனக்க கையிலயும் ஒரு வாக்கிடாக்கி செட்டு இருந்துது. அந்த அண்ணன் கேட்டதும் கேட்டுது, நீங்க பொறுன்னு சத்தம் போட்டதும் கேட்டுது. போலீசுல என்ன சொன்னிய?"

வாங்கிப்போன பழங்களைக் கட்டிலோரம் வைத்தேன்.

"எனக்கிட்ட வந்து கேட்டா நான் உள்ளதச் சொல்லுவேன். அதுக்கு முன்ன நீங்களே போயிருங்க. பச்சப் பிள்ளைய எல்லாம் இருந்த இடம் சாரே."

மந்தூப் இல்லாமல் தனியாக ஸ்டேஷனுக்குப் போனேன். ஹிந்தி தெரிந்த காவலர் ஒருவர் மொழிபெயர்த்தார். உள்ளதைச் சொல்லி, மந்தூப்பை அழைத்த நேரங்களை என் போனில் காட்டினேன். அதிகாரிக்கு என் மகன் வயது இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பள்ளிக்கூட வாசலில் துப்பாக்கி. எங்களை அழைக்க யாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தாய்?"

காவலாளியை விட்டுவிட்டார்கள். ஆனால் கஃபீல் அதற்குள் அவருடைய விசாவை ரத்து செய்திருந்தார். நான் கஃபீலின் அலுவலகத்துக்குப் போய்க் கெஞ்சினேன். "கலாஸ், முடிந்தது" என்று மந்தூப் கதவைச் சாத்தினார். என் வேலையும் போயிற்று. கத்தாரில், ராஸ் லஃபானில் இருக்கும் என் மைத்துனரைப் பிடித்து, காவலாளிக்கு அங்கே ஒரு கேட் வேலைக்கு ஏற்பாடு செய்தேன். அதைச் சொல்ல அவர் ரூமுக்குப் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"வேலைக்குப் போறேன் சார். ஆனா எம் பொண்டாட்டிகிட்ட நீங்க ஒரு வார்த்த பேசணும். துப்பாக்கிக்காரன உள்ள விட்டவன்னு ஊர்ல பேசுறாங்களாம். நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா."

போனை ஸ்பீக்கரில் போட்டார். தாமதம் என்னுடையது, பொய்யும் என்னுடையது என்று நடந்ததை முழுவதும் சொன்னேன்.

"அத்தன புள்ளைங்க இருக்கையில," என்றார் அந்தப் பெண், "எப்புடி சார் மனசு வந்துச்சு?"

காவலாளி போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைத் திருப்பி, "சாப்ட்டியா?" என்று கேட்டார்.