திரைக்கு வெளியே தெரிந்த விரல்

எங்கள் அக்கா பள்ளிச் சீருடை தைக்கிற பட்டறையில் காலர் பிரிவில் இருக்கிறாள். சட்டையின் மற்ற பாகங்களை யார் யாரோ தைப்பார்கள். காலர் மட்டும் அவளிடம் வரும். இந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரின் கழுத்தைச் சுற்றியிருப்பது என் அக்காவின் கைவேலை என்று அலுவலகத்தில் நான் பெருமையடித்துக்கொள்வதுண்டு. பெருமையடிப்பதில் எனக்குக் கூச்சம் கிடையாது. எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நான் நிற்கிற படம்தான் எங்கள் ஒற்றை அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படும்.

படத்தில் என் பக்கத்தில் அக்கா நிற்கிறாள். உப்பிய கன்னம், தோளில் கனமாக விழுந்த பின்னல். வீட்டுக்காரம்மா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, இது உங்களுக்கு இன்னொரு அக்காவா என்று என்னிடம் கேட்டார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அக்கா, ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மாமாவுக்குச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை. அக்காவுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது ஏறினார். பிள்ளை பிறப்பதற்குள் வந்துவிடலாம் என்றார்கள் கப்பல் கம்பெனிக்காரர்கள். பிறகு இன்னொரு பயணம் என்று நீட்டினார்கள். பிள்ளை பிறந்த கையோடு அக்காவைக் காமாலை பிடித்தது. உடம்பு பாதியாகி, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டது. மாமாவிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். தெரிந்தால் அந்த மனுஷன் அடுத்த துறைமுகத்திலேயே இறங்கிவிடுவார், பாதியில் இறங்கியவனுக்கு மறுபடி கப்பலில் இடம் கிடையாது.

நடுக்கடலில் குரல் மட்டும்தான் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேரும். படங்கள் கரை தொட்டால்தான் திறக்கும். அதனால் அக்காவுக்குத் தன்னை மறைப்பது சுலபமாக இருந்தது. குழந்தையின் படங்களாக அனுப்பித் தள்ளினாள். மாமா அவள் முகம் கேட்டால், கல்யாணமான புதிதில் பச்சைச் சேலையில் எடுத்த அதே பழைய படம்தான் போகும். ஒருமுறை அவரிடமிருந்து குரலில் பதில் வந்தது: "இந்தப் பச்சைச் சேலையைத் தோய்க்கிற எண்ணமே இல்லையா?" அக்கா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் நெருங்கியபோது மாமா ஒன்றே ஒன்று கேட்டார். நல்ல ஸ்டுடியோவில் ஒரு படம். பிள்ளை நிற்க வேண்டும். பக்கத்தில் அக்காவும் நிற்க வேண்டும்.

பாதியைத்தான் அக்கா காதில் வாங்கிக்கொண்டாள். அன்று முதல் வீட்டில் அதே வேலை. ஸ்டுடியோ விளக்கைப் பார்த்துப் பிள்ளை மிரளக் கூடாது என்று சாயங்காலம் சோறூட்டும்போது டார்ச்சை அதன் முகத்துக்கு நேரே அணைத்து அணைத்துப் போட்டாள். கடைசியில் பிள்ளை டார்ச் இல்லாமல் சோறு இறங்காது என்கிற நிலைக்கு வந்தது. பட்டறையில் மிஞ்சிய வெள்ளைத் துணியைக் கேட்டு வாங்கிவந்து கவுன் தைத்தாள். மாட்டிப் பார்த்தபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கைப்பழக்கம் அவளை விடவில்லை. அச்சு அசல் சீருடைக் காலர்.

"பிள்ளை பிறந்தநாளுக்குப் போறாளா, பரீட்சைக்குப் போறாளா?"

"போடா. பட்டம் வாங்கினவன் மருமக பின்ன எப்படி இருப்பா?" என்றாள். ஆனாலும் காலரைப் பிரித்துச் சுருக்கு வைத்துத் தைத்தாள். நான் என் பங்குக்குச் சின்னதாக ஒரு பட்டமளிப்புத் தொப்பி வாங்கி வந்தேன். பிள்ளை அதன் குஞ்சத்தைச் சப்பிச் சப்பிக் கயிறாக்கிவிட்டது.

ஒருநாள் நான் கடையிலிருந்து திரும்பியபோது அக்கா கண்ணாடி முன் நின்றிருந்தாள். பச்சைச் சேலை. தோளில் தங்காமல் வழிகிற ரவிக்கையை இரண்டு பக்கமும் ஊசி குத்தி இழுத்திருந்தாள். என்னைக் கண்டதும் மடமடவென்று ஊசிகளைப் பிடுங்கினாள்.

"நீயும் நின்னா என்னக்கா?"

"பிள்ளைக்குத்தான் பிறந்தநாள். எனக்கா?"

ஸ்டுடியோவில் விளக்கு மின்னியதும் பிள்ளை சோறு வருகிறதென்று வாயைத் திறந்தது. அதுவரை சரி. நிற்கத்தான் மாட்டேன் என்றது. நிறுத்தினால் மடங்கி உட்கார்ந்தது. ஸ்டுடியோக்காரருக்கு இது பழகின சங்கதி. உயரமான மர நாற்காலிக்குப் பின்னால் நீலத் திரையைத் தொங்கவிட்டு, அம்மா திரைக்குப் பின்னால் நின்று பிள்ளையின் இடுப்பைப் பிடித்துக்கொள்ளட்டும், படத்தில் பிள்ளை தானாக நிற்பது மாதிரி வரும் என்றார். அக்காவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நல்ல சேலை ஏதும் கட்டாமல் பட்டறைக்குப் போகிற துணியிலேயே வந்திருந்தாள். திரைக்குள் போய்விட்டாள்.

நான் தொப்பியை ஆட்டினேன். பிள்ளை சிரித்தது. படம் விழுந்தது.

கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வெள்ளைக் கவுனின் இடுப்பு மடிப்பில், நீலத் திரையின் ஓரத்துக்கு வெளியே, அக்காவின் இடது ஆள்காட்டி விரல். நகம் நடுவில் பிளந்த விரல். பட்டறைக்குப் போன புதிதில் தையல் ஊசி நகத்தோடு இறங்கியது. அதற்குப் பிறகு அந்த நகம் இரண்டாகத்தான் வளர்கிறது. மாமா ஊரில் இருந்தவரை தினமும் அதற்கு எண்ணெய் தடவிவிடுவார். நான் திரும்பி வருவதற்குள் சேர்ந்துவிடும் பார் என்று சொல்லிவிட்டுத்தான் கப்பலேறினார்.

"விரலை எடுத்துடலாம்மா. தெரியவே தெரியாது," என்றார் ஸ்டுடியோக்காரர்.

அக்கா குனிந்து பார்த்தாள். பிள்ளை அவள் தோளில் தூங்கத் தொடங்கியிருந்தது.

"வேண்டாம்," என்றாள். பிறகு, அவர் மறுபடி கேட்டுவிடுவாரோ என்று பயந்தவள் போல, "அது அங்கேயே இருக்கட்டும்," என்றாள்.

பிறந்தநாள் வந்தது, போனது. கப்பல் கரை தொடவில்லை. படம் போனதாகவும் இல்லை, திறந்ததாகவும் இல்லை. அக்கா பட்டறையிலும் போனை மடியிலேயே வைத்துக்கொண்டு காலரை மாற்றித் தைத்துத் திட்டு வாங்கியதாக அவளுடன் வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது படம் திறந்ததாகப் போன் காட்டியது; உடனே மாமாவின் குரலும் வந்தது. பிள்ளை யார் சாயல், பல் எத்தனை என்றெல்லாம் நீளமாகப் பேசுவார் என்று நினைத்தேன். பின்னால் பாத்திரச் சத்தமும் யாரோ கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. மாமா மெதுவாகத்தான் பேசினார்.

"நகம் இன்னும் சேரலையா? விரல் ஏன் இப்படி இளைச்சிருக்கு? முழுசா வந்து நில்லும்மா. எப்படி இருந்தாலும் நில்லு. இறங்கிட மாட்டேன். பார்த்துட்டு வேலையைப் பார்க்கிறேன்."

அக்கா ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு அதைக் கொடியில் போட்டாள். முடியை அவிழ்த்து, இருக்கிறதைக் கோதி முடிந்துகொண்டாள். பச்சைச் சேலையைத் தேடிப் போவாள் என்று பார்த்தேன். போகவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வெயில் விழுகிற வாசற்படியில் வந்து நின்றாள்.

"எடுடா. கப்பல் கிளம்புறதுக்குள்ள போய்ச் சேரணும்."