கிரிம்ஸ்லிக்குக் கொடுக்காத அரை நிமிஷம்

எங்கள் கறுப்பர் சபையில் இப்போதெல்லாம் ஓர் அடக்க ஆராதனை முடிய மூன்று மணி நேரம் ஆகிறது. “நினைவுரை: ஒருவருக்கு இரண்டு நிமிடம் மட்டும்” என்று தாளில் அச்சடித்துத்தான் கொடுக்கிறோம். யாரும் மதிப்பதில்லை. போன மாதம் மூப்பர் ஒருவர் என் காதருகே குனிந்து, “பெட்டிக்குள்ள இருக்கிறவருக்கே பசி எடுத்திருக்கும் சகோதரி, நமக்கு எடுக்காதா?” என்றார். சிரித்தேன். ஆனால் ஓசெல்லா அக்காவிடம் போய்ச் சொல்ல அவருக்கும் தைரியமில்லை, எனக்கும் இல்லை.

ஒரு காலத்தில் அந்த இரண்டு நிமிடத்துக்கு உயிர் கொடுத்தவளே ஓசெல்லா மேஃபீல்டுதான். வெள்ளைக் கையுறை, முதுகுக்குப் பின்னால் மடக்கிய இடது கை, கழுத்தில் தொங்கும் ஸ்டாப் வாட்ச். நேரம் முடிந்ததும் இருக்கை வரிசைகளின் நடுவே வந்து நின்று வலது கையை மெல்ல உயர்த்துவாள். அழுதுகொண்டிருப்பவர்கள்கூட மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். வெளியூர் பேராயர் ஒருவர் வாக்கியத்தைப் பாதியில் விட்டு உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அவள் பருத்திக் குத்தகைக் குடும்பத்துப் பிள்ளை. ஏழு வயதில், பிரசவ வேதனையில் இருந்த தாயோடு லாரியின் பின்தட்டில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கறுப்பர்களுக்கு என்று இருந்த நான்கு கட்டிலும் நிரம்பிவிட்டது, காத்திருங்கள் என்றார்கள். மேலே வெள்ளையர் வார்டில் இருபது கட்டில் காலியாகக் கிடந்தது. லாரியிலேயே காத்திருந்தார்கள். தாயும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை. இதை அவள் என்னிடம் சொன்னது ஒரே ஒரு முறைதான், அதுவும் துணி மடித்துக்கொண்டே. வளர்ந்தபின் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தாள். அந்த இல்லத்தில் கிடந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். டாயில் கிரிம்ஸ்லியின் தாயும் அங்கேதான் இருந்தாள். டாயில் காகிதக் கூழுக்கு மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். தாயைப் பார்க்க வரும்போதெல்லாம் சலவைக்காரிகளுக்கு அவித்த வேர்க்கடலை ஒரு பை கொண்டுவருவான்.

இரண்டாயிரத்து ஒன்பது ஆகஸ்ட் மாதம் அமெரிக்கா முழுக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் என்றே பேச்சு. எங்கள் தொகுதி உறுப்பினர் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் மக்கள் கருத்தைக் கேட்க வருவதாக இருந்தது. பக்கத்து மாவட்டத்தில் அடிதடி ஆகிவிட்டதால் ஏற்பாட்டுக்காரர்களுக்குப் பயம். கறுப்பர், வெள்ளையர் இரண்டு பக்கமும் அடங்குகிற ஒரு கை வேண்டும் என்று ஓசெல்லாவைத் தேடி வந்தார்கள்.

“ஆளுக்கு ரெண்டு நிமிஷம்மா. சிவப்பு அட்டையைத் தூக்குங்க, மைக்கை நாங்க அணைச்சிடுறோம். யாராவது வாக்கியத்தை முடிச்சுக்கிட்டு இருந்தா கொஞ்சம் விட்டுப் பிடிங்க. அது உங்க இஷ்டம்.”

அன்று வாசலிலேயே தகராறு. நம் முதல் கறுப்பு ஜனாதிபதியை மூக்கில் எலும்பு குத்திய மந்திரவாதியாக வரைந்த அட்டை ஒன்றை டாயில் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். எங்கள் சபைப் பையன்கள் பாய்ந்தார்கள். காவலுக்கு நின்ற ஷெரிப்பின் ஆள், “படம் போடுறது அவர் உரிமை. என்னால ஒன்னும் பண்ண முடியாது” என்று கையை விரித்தான். ஓசெல்லாதான் நடுவில் போய் நின்றாள்.

“உள்ள விடுங்கடா. வாயை அடைச்சா எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா? அவர் நேரம் வர்றப்போ பேசட்டும்.”

டாயில் தொப்பியைக் கழற்றினான். “நல்லா இருக்கீங்களா மிஸ் ஓசெல்லா? எங்கம்மா கடைசிவரைக்கும் உங்களைத்தான் கேட்டுச்சு.” அட்டை அவன் கக்கத்திலேயே இருந்தது. ஓசெல்லா தலையை மட்டும் அசைத்தாள்.

நான் அவள் பக்கத்து மேசையில் வரிசை எண் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் சபைப் பெண் லவோன் முதலில் பேசினாள். அவளுடைய மகளுக்கு ரத்த நோய், எந்தக் காப்பீட்டுக் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளவில்லை. இரண்டு நிமிடம் முடிந்தபோது விம்மிக்கொண்டிருந்தாள். ஓசெல்லா வாட்சைப் பார்த்தாள், அட்டையைத் தூக்கவில்லை. அரை நிமிடம் போனபின் லவோன் தானே நன்றி சொல்லி உட்கார்ந்தாள்.

அடுத்தது டாயில். கையில் தாள் வைத்துப் படித்தான். “எனக்கும் என் டாக்டருக்கும் நடுவுல அரசாங்கத்துக்கு என்ன வேலை? உழைக்காதவனுக்கு நான் எதுக்கு அழணும்? எங்க தாத்தா யார்கிட்டயும் கை நீட்டல, நானும் நீட்ட மாட்டேன்.” பாதிக் கூட்டம் கைதட்டியது, பாதி ஊளையிட்டது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. மைக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். குரல் தணிந்தது.

“இன்னொன்னு இருக்கு. ஜனவரியில இருந்து எனக்கு...”

சிவப்பு அட்டை உயர்ந்தது. மைக் அணைந்தது.

“நான் இன்னும் முடிக்கலியேம்மா.”

“நேரம் முடிஞ்சுது சார்.”

“பேச விடு!” என்று ஒரு பக்கமும், “உட்காருய்யா!” என்று மறுபக்கமும் கத்தின. டாயில் அவளையே பார்த்தான். பிறகு போய் உட்கார்ந்துகொண்டான். கர்த்தருக்கு முன்பாகச் சொல்கிறேன், நான் வாட்சைப் பார்த்தேன். சரியாக இரண்டு நிமிடம். லவோனுக்குக் கிடைத்த அரை நிமிடம் அவனுக்குக் கிடைக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அக்டோபரில் டாயில் செத்துப்போனான். வயிறு முழுக்கக் கட்டி என்றார்கள். காப்பீடும் இல்லை, கடைசி மாதம்வரை டாக்டரிடம் போனதும் இல்லையாம். அன்று மைக்கில் “என் டாக்டர்” என்றானே, அது யார் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

அதற்கு அடுத்த அடக்க ஆராதனையில் ஓசெல்லா எழுந்து நடுவே வந்தாள். வலது கை பாதி தூரம் எழுந்தது, அப்படியே நின்றுவிட்டது. பேசிக்கொண்டிருந்தவர் பேசிக்கொண்டே போனார். அவள் ஏதோ சத்தத்துக்குக் காது கொடுப்பதுபோல் நின்றாள்.

“என்னக்கா ஆச்சு?” என்று வெளியே வந்து கேட்டேன்.

“அவன் பேசுறான்டி.”

“யாரு?”

“டாயில். கோபமாப் பேசினா கர்த்தர் நாமத்தைச் சொல்லி விரட்டிடுவேன். கோபமே இல்ல. ஜனவரியில இருந்து எனக்குன்னு ஆரம்பிக்கிறான், நின்னுடுறான். கையைத் தூக்கினா வருது. பட்டப்பகல்ல போர்வை மடிச்சா அதுலயும் வருது.”

“ஜெபம் பண்ணுங்கக்கா.”

“ஜெபத்துக்கு நடுவுலதான் சத்தமா வருது. மீதியை அவன் பெண்டாட்டிகிட்ட கேட்டாகணும். இல்லாட்டி எனக்கு விடுதலை இல்ல.”

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, அவள் சுட்ட வெண்ணெய் கேக்கோடு என் காரில் போனோம். டாயிலின் மனைவி நெல்டா கதவைத் திறந்தாள். ஒல்லியான பெண். கேக்கைப் பார்த்துவிட்டு ஓசெல்லாவைப் பார்த்தாள். “மாமியாரைப் பார்த்துக்கிட்டவங்கதானே? வாங்க.”

சமையலறையில் உட்கார்ந்தோம். புயலில் உடைந்த ஒரு ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாக அந்த அட்டையை அடித்து வைத்திருந்தார்கள். படம் உள்பக்கம். மூக்கில் எலும்போடு அது எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஓசெல்லா குனியவில்லை.

“அன்னிக்குச் சிவப்பு அட்டையைத் தூக்கினவ நான்தான்மா. உங்க வீட்டுக்காரர் ஒரு பேச்சைத் தொடங்கினார், நான் முடிக்க விடல. அது என்னன்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேட்க வந்தேன்.”

“அந்தத் தாள்ல இருந்ததுதானே? நான்தான் எழுதிக் கொடுத்தேன்.”

“தாளை மடிச்சு வச்சப்புறம் சொன்னது. ‘ஜனவரியில இருந்து எனக்கு’ன்னார்.”

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த நெல்டாவின் கை நின்றது. “ஜனவரியிலயா?”

“அப்படித்தான் சொன்னார்.”

“எங்கிட்ட செப்டம்பர்லதான் வயித்து வலின்னு சொன்னார். அதுவரைக்கும் நெஞ்செரிச்சல், கடலை ஒத்துக்கலைன்னு சொல்லிக்கிட்டே இருந்தார்.” பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “எனக்கே சொல்லாததை நானூறு பேர் நடுவுல சொல்ல வந்தாரா? சொல்லியிருந்தா, அவர் லாரி வீடு வந்து சேர்றதுக்குள்ள என் காதுக்கு வந்திருக்குமே. இந்த ஊர்ல எந்தப் பேச்சு நிக்குது? காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன் ஆஸ்பத்திரிக்கு.”

அப்படியும் ஓசெல்லா சொல்ல வந்ததைச் சொன்னாள். “அவருக்கு முன்னாடி பேசினவ எங்க சபைப் பொண்ணு. அவளுக்கு அரை நிமிஷம் கூட விட்டேன். இவருக்கு விடல. நேரத்துக்காக இல்ல. அந்தப் படத்துக்காக.” ஜன்னலைக் கை காட்டினாள்.

நெல்டா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“அவருக்கு ஒரு கோடு இழுக்க வராது. அதை வரைஞ்சது நான். ஜனங்க சிரிப்பாங்கன்னு வரைஞ்சேன்.”

அவள் எழுந்து, அடுப்பருகே கிடந்த துண்டை எடுத்து அந்த அட்டையின் மேல் தொங்கவிட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஓசெல்லாவின் கழுத்தைப் பார்த்தாள்.

“அதுதான் அந்த வாட்சா?”

“ஆமாம்மா.”

“அரை நிமிஷம்னா எவ்வளவு நேரம்? காட்டுங்க.”

ஓசெல்லா கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்து அமுக்கினாள். மூன்று பேரும் முள்ளைப் பார்த்தோம். ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. சாலையில் மர லாரி ஒன்று வளைவு ஏறி, கியர் மாற்றி, தூரம் போய், சத்தம் அடங்கியது. துண்டு காற்றில் ஒருமுறை அசைந்தது. ஓசெல்லா கண்களை மூடிக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். முள் இன்னும் பாதி தூரம்கூடப் போகவில்லை.

நெல்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இவ்வளவு நேரமா?” என்றாள்.