சாரதிக்கு மேலே ஒரு கட்டில்

சக்கரம் வைத்த வீட்டுக்கு நோர்வேக்காரர் சொல்லும் பெயர் பூபீல். எனக்குப் பன்னிரண்டு வயதான கோடையில் எங்கள் குடும்பம் அப்படி ஒன்றை இரண்டு கிழமைக்கு வாடகைக்கு எடுத்து, ஒஸ்லோவிலிருந்து வடக்கே ஹம்மர்பெஸ்ட் வரை போனது. ஒஸ்லோவில் நாங்கள் இருந்த மோர்டென்ஸ்ருட்டில் எங்களுக்குத் தெரிந்த எந்தத் தமிழ்க் குடும்பமும் அதுவரை அந்த வேலையைச் செய்ததில்லை. லீவு கிடைத்தால் லண்டனுக்கோ பாரிசுக்கோ போய், சொந்தக்காரர் வீட்டு வரவேற்பறையில் வரிசையாகப் படுத்துவிட்டு வருவதுதான் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த சுற்றுலா.

எல்லாம் என்னால் வந்தது. என்னோடு படித்த ஒரு நோர்வேப் பையன் வீட்டில் பூபீல் நின்றது. அதில் சாரதியின் தலைக்கு மேலே, கூரைக்குள் செருகிவைத்ததுபோல ஒரு கட்டில் இருந்தது. சின்ன ஏணியில் ஏறிப் படுத்தால் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி யன்னல். ஒருநாள் ஐந்து நிமிடம் அதில் படுத்துப் பார்த்தேன். அதன் பிறகு இரண்டு வருடம் நான் வீட்டில் வேறொன்றும் கேட்கவில்லை. நான் அதிகம் கதைக்காத பிள்ளை. ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்பது எனக்கு வசதியாக இருந்தது.

அப்பா ஒவ்வொரு முறையும் "பாப்பம்" என்றார். அந்த வருடம் மாமா நடுவில் வந்தார். மாமா அம்மாவின் தம்பி. அதே கட்டடத்தில் எங்களுக்கு இரண்டு மாடி கீழே தனியாக இருந்தார். அப்பாவும் அவரும் ஒன்றாக ஊரை விட்டு வந்தவர்கள். ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் ஒன்றாகவே முதல் வேலை செய்தவர்கள்.

"அத்தான், நாங்கள் மீன் வெட்டின இடத்தை ஒருக்காப் போய்ப் பாப்பம். பெடியனும் கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போனான்" என்றார் மாமா. அப்பா சற்று யோசித்துவிட்டு "ஓம்" என்றார்.

வாடகைக்குக் கொடுத்த நோர்வேக்காரர் எல்லாவற்றையும் விளக்கிக் காட்டினார். காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிவறைப் பெட்டியை எப்படி வெளியே எடுத்துக் கழுவுவது என்பவை. அப்பா தலையாட்டிக்கொண்டு நின்றார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. கதவு பூட்டியிருந்தால் உள்ளேயிருந்து திறக்கலாமா? திறக்கலாம் என்றார் அந்த மனிதர். அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்தி, திறந்தார். மறுபடியும் சாத்தி, திறந்தார். ஐந்தாறு தரம் அப்படிச் செய்தார். கூரையில் இருந்த காற்றுத் துவாரத்தையும் தள்ளிப் பார்த்தார். மற்ற வாடிக்கையாளர் எல்லாம் கழிவறையைப் பற்றித்தான் கேட்பார்கள், நீங்கள் மிகவும் கவனமான ஆள் என்று நோர்வேக்காரர் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மா அரிசிப் பையும் மிளகாய்த்தூள் போத்தலும் ரின்னில் அடைத்த மீனும் அடுக்கினா. புறப்பட்ட நாளே என் கட்டிலில் என் தலையணையைக் கொண்டுபோய் வைத்தேன். தலையணை அங்கே படுத்தது. நான் படுக்கவில்லை.

காரணம், அப்பாவின் சட்டைப் பையில் இருந்த சிறிய சிவப்பு டயரி. நோர்வேயில் எந்த ஊரில் எந்தத் தமிழர் இருக்கிறார் என்பது அதில் இருந்தது. வட கடற்கரையில் மீன் வெட்டிய காலத்தில் பழகியவர்கள், பிறகு நாடெங்கும் சிதறிப் போனவர்கள். அவர்களுடைய ஊரைத் தாண்டிப் போகிறோம் என்று தெரிந்தால் போதும், விடமாட்டார்கள். தெரியாமல் தாண்டிப் போனால் அது இன்னும் பெரிய குற்றம்.

டோவ்ரே மலைத் தேசியப் பூங்காவில் நீண்ட மயிர் தொங்கும் காட்டு மாடுகள் நிற்கும் என்று படித்திருந்தேன். முதல் நாள் அந்தப் பூங்காவை நாங்கள் மணிக்கு எண்பது கிலோமீற்றரில் பார்த்தோம். ட்ரொண்ட்ஹைமில் ஒரு வீட்டில் நண்டுக் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கார அம்மா வாகனத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்ல வடிவாத்தான் கிடக்கு. ஆனா எங்கட வீட்டிலை கட்டில் இல்லாத மாதிரி உதுக்கை படுக்கப் போறியளோ?" என்று கேட்டா. கேட்ட பிறகு எப்படிப் படுப்பது? அடுத்த நாள் அதே ஊரில் இன்னொரு வீடு. முதல் வீட்டில் தங்கினோம் என்று கேள்விப்பட்டுக் கோபித்துக்கொண்ட வீடு. மூன்றாம் நாள் வடக்கே இன்னொரு ஊர். அங்கும் அப்படியே. பூபீல் வாசலில் நின்றது. நாங்கள் வரவேற்பறைக் கம்பளத்தில் படுத்தோம்.

ஒவ்வொரு வீட்டிலும் சாப்பாடு முடிந்ததும் மாமாவிடம், லொறிக்குள் ஒளிந்து எல்லை தாண்டிய அந்தக் கதையைக் கேட்பார்கள். அவரும் காத்துக்கொண்டுதான் இருப்பார்.

"வெங்காய லொறி. சுத்தி மூட்டை, நடுவிலை நாங்கள். கதவை வெளியாலை பூட்டிப் போட்டான். பதினெட்டு மணித்தியாலம். பாதி வழியிலை எங்களோடை வந்த ஒராள் எழும்பிக் கதவைத் தட்டத் துடங்கிட்டார். 'திறவுங்கோ, திறவுங்கோ, மூச்சு முட்டுது!' எண்டு. தமிழிலை! அந்த வெள்ளைக்கார றைவர் யாழ்ப்பாணத்திலை படிச்சவனோ? எல்லையிலை பிடிபடப் போறமெண்டு நான் பாஞ்சு வாயைப் பொத்தினன். கையைக் கடிச்சுப் போட்டார். வெங்காயமெண்டு நினைச்சாரோ என்னவோ!"

பிறகு வலது உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். பெருவிரலுக்குக் கீழே பல் பதிந்த தழும்பு இருக்கும். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா இந்தக் கதையைப் பலமுறை கேட்டவர் என்பதால் அந்த நேரத்தில் வெளியே போய் வாகனத்தின் ரயர்களைப் பார்த்துவிட்டு வருவார். எனக்கு அலுக்கவே இல்லை. கதவு தட்டியவர்தான் எனக்குப் பிடித்த பாத்திரம். மாமாவைவிட நன்றாக அவரைப்போல நடிக்க எனக்கு வந்தது. அம்மாவுக்கு மட்டும் நடித்துக் காட்டினேன். அம்மா சிரிக்காமல் "போய்ப் படு" என்றா. அம்மாவுக்குப் பகிடி விளங்காது என்று நினைத்தேன்.

நான்காம் நாள் காலை, எல்லோரும் அந்த வீட்டாரிடம் விடைபெற்றுக்கொண்டு நின்றபோது, முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்த சிவப்பு டயரியை எடுத்து என் கட்டில் மெத்தைக்கு அடியில் வைத்தேன். அன்றைக்கு பூடோ என்ற ஊரில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் காத்திருந்தார். புதுவீட்டுக்கு மாறியவர். வீடு எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. கிட்டப் போனதும் தொலைபேசி எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

சால்ட்ஃபியல் மலையில், துருவ வட்டத்தைக் கடக்கும் இடத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு கட்டடம் இருந்தது. கைத்தொலைபேசி அங்கே வேலை செய்யவில்லை. காசு போட்டுக் கதைக்கும் தொலைபேசி ஒன்று வெளிச்சுவரில் இருந்தது. அப்பா சட்டைப் பையைத் தடவினார். ஆசனங்களைக் கிளப்பிப் பார்த்தார். அம்மா அரிசிப் பைக்குள் கைவிட்டுத் தேடினா.

"நம்பர் பாடமில்லையோ உங்களுக்கு?" என்றா அம்மா.

"எனக்கு என்ரை நம்பரே பாடமில்லை. என்னைக் கேக்காதேங்கோ" என்றார் மாமா, யாரும் கேட்காமலேயே.

நான் என் கட்டிலில் ஏறிக் குட்டி யன்னலால் பார்த்தேன். அப்பா ரிசீவரைக் கையில் எடுத்து, காசும் போட்டுவிட்டு நின்றார். திரும்பி வாகனத்தைப் பார்த்தார். என் முகம் யன்னலில் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரிசீவரை வைத்துவிட்டு வந்து, "ஞாபகம் வரேல்லை. இண்டைக்கு இஞ்சை எங்கையாவது நிப்பம்" என்றார்.

அந்த மலையிலும் இருந்த ஒரு தேசியப் பூங்காவின் ஓரமாக, ஒரு ஆற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். மரமே இல்லாத பெரிய வெளி. தூரத்தில் கலைமான்கள் தலை குனிந்து மேய்ந்தன. அம்மா முதல்தடவையாகக் காஸ் அடுப்பை மூட்டிச் சோறும் மீன் ரின் குழம்பும் வைத்தா. நுளம்பு வருகிறது என்று கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட இருந்தோம். அந்த அளவு சந்தோசம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. அதை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. ஓடிப்போய்க் கதவின் பூட்டைத் திருப்பினேன். இரண்டு கையாலும் கதவில் தட்டினேன்.

"திறவுங்கோ! திறவுங்கோ! மூச்சு முட்டுது!"

மாமாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "காணும், விடடா" என்றார். அப்பா கரண்டியை வைத்துவிட்டு எழுந்து கதவடிக்கு வந்தார். வாடகைக்கு எடுத்த அன்று அத்தனை தரம் திறந்து பழகிய கதவு. அவருடைய கைக்கு இப்போது பிடி அகப்படவில்லை. மேலும் கீழும் தடவினார். மாமா எட்டித் திறந்துவிட்டார். அப்பா இறங்கி வெளியே போனார்.

மடக்குக் கதிரை ஒன்றை விரித்து ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தார். அவர் திரும்பி வருவார் என்று பார்த்துப் பார்த்து நாங்கள் படுத்துவிட்டோம். கோடையில் அங்கே சூரியன் மறைவதில்லை. மலையின் தோளில் வந்து உட்கார்ந்துவிடும். நான் கட்டிலில் படுத்துக் குட்டி யன்னலால் பார்த்தேன். அப்பாவும் சூரியனும் ஒரே உயரத்தில் இருந்தார்கள். அம்மா சாத்தச் சாத்த, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவர் எழுந்து வந்து எங்கள் கதவைத் திறந்துவிட்டுப் போனார்.

"இஞ்சாருங்கோ, நுளம்பு வருது. சாத்துங்கோ" என்றா அம்மா.

"காத்து வரட்டும்."

"அத்தான், காத்து வரேல்லை, நுளம்புதான் குடும்பத்தோடை வருது" என்றார் மாமா. ஆனால் எழுந்து சாத்தவில்லை.

டயரியைத் தொலைத்த கோபத்தில்தான் அப்பா வெளியே இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஆசைப்பட்ட கட்டிலில் எனக்கும் நித்திரை வரவில்லை. காலையில் டயரியை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. நுளம்பு கடித்து நெற்றி வீங்கியிருந்தது. டயரியை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"கட்டில் எப்பிடித் தம்பி?"

"நல்லாயிருக்கு."

அவ்வளவுதான் கதைத்தோம். பிறகு அந்தக் கட்டடத்துக்குத் திரும்பப் போய், பூடோச் சிநேகிதருக்குத் தொலைபேசி எடுத்தார். டயரி பையிலேயே இருந்தது. அதைத் திறக்காமலே இலக்கங்களை அமத்தினார். நித்திரை இல்லாவிட்டாலும் அப்பாவுக்கு நல்ல ஞாபகசக்தி என்று நினைத்தேன். "வரேல்லையடாப்பா. பெடியன் வாகனத்துக்கை படுக்க ஆசைப்படுறான்" என்று அவர் சொன்னது கேட்டது.

அதற்குப் பிறகு ஐந்து இரவுகள் நாங்கள் எந்த வீட்டுக்கும் போகவில்லை. கடற்கரை வழியாகவே போனோம். வெள்ளை மணலும் பச்சைத் தண்ணீருமாக இருந்த ஒரு கரையில் நின்றோம். கருவாட்டுக்கு மீன் காயப் போடும் மரச் சட்டங்கள் வெறுமையாக நின்ற ஒரு குடாவில் நின்றோம். எங்கே நின்றாலும் நான் மேலே படுத்தேன். அப்பா வெளியே கதிரையில் இருந்தார். பகலில் மாமா ஓட்ட, அப்பா பக்கத்து ஆசனத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்று முகத்தில் அடிக்கத் தூங்கினார். நள்ளிரவுச் சூரியனில் அவருக்கு அப்படி ஒரு விருப்பம் என்று முடிவு செய்தேன். ஒஸ்லோவுக்கு வந்த பிறகு, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக் கட்டுரையிலும் அப்படியே எழுதினேன். ஆசிரியை சரி போட்டா.

ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலை இருந்த இடத்தில் வேறு கட்டடம் நின்றது. அப்பாவும் மாமாவும் ஐந்து நிமிடம் அதைப் பார்த்துவிட்டு, அங்கேயே தங்கிவிட்ட பழைய கூட்டாளி ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். ஊரில் மிஞ்சியிருந்த தமிழர் எல்லோரும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிய யாரோ கேட்டார்கள்.

"உந்த வெங்காய லொறிக் கதையை ஒருக்காச் சொல்லுமன்."

"அது பழங்கதை. மறந்து போச்சு" என்றார் மாமா.

அவர் மறப்பாரா? எனக்கு நம்ப முடியவில்லை. சபையில் ஒருநாளும் வாய் திறக்காத நான் எழுந்து சொல்லத் தொடங்கினேன். மூட்டைகளைச் சொன்னேன். பூட்டிய கதவைச் சொன்னேன். கதவு தட்டும் இடம் வந்ததும் மேசையில் இரண்டு கையாலும் அடித்தேன். கண்ணைப் பிதுக்கி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு, திறவுங்கோ திறவுங்கோ என்று கத்தினேன். வீடு சிரிப்பில் அதிர்ந்தது. அம்மா எழுந்து குசினிக்குள் போனா. "தழும்பைக் காட்டும், தழும்பைக் காட்டும்" என்று மாமாவிடம் கேட்டார்கள். மாமா கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

அப்பா அன்றைக்கு ரயர் பார்க்கப் போகவில்லை. கதிரையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் சிரித்து முடிந்த பிறகு அவரும் சிரித்தார்.

"நல்லாக் கதைக்கிறான் என்ன?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அந்த லொறிக்குள் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கதையில் அவ்வளவு சத்தம் இருந்ததால் நிறையப் பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்தேன். பெரியவனான பிறகு ஒருநாள் மாமாவிடம் கேட்டேன். இரண்டு பேர்.